வீட்டில் வைத்த குரல்

சியூயுனின் குரல்வளையை எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் அவள் குரல் மட்டும் வீட்டிலேயே இருந்தது, வாசலில் செருப்பு அலமாரியின் மேல், ஒரு கறுப்புப் பெட்டிக்குள். அந்தப் பெட்டிக்குத் தாய், தகப்பன், காவல்காரன் எல்லாமே அவள் கணவர் தேச்சுவான்தான்.

தேச்சுவான் சியாயி நகரக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கணினி அவருக்குப் பிழைப்பு அல்ல, பித்து. ஊரெல்லாம் படத்தையும் பாட்டையும் பெரிய நிறுவனங்களின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும். இவரோ அந்தக் கறுப்புப் பெட்டியை வீட்டுச் சர்வராக்கி, குடும்பப் படங்கள், வாசல் கேமரா, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் என்று சகலத்தையும் அதில் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் மலைப்பக்கம் போவார்கள். இவர் சர்வருக்கு அப்டேட் போடுவார், ஏதாவது ஒன்று நின்றுபோகும், அதோடு மல்லுக்கட்டிவிட்டுச் சாயங்காலம் போரில் ஜெயித்தவர் மாதிரி டீ குடிப்பார். "என்ன கிழவா, ஒன் சின்ன வீட்டுக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சா?" என்று சியூயுன் அந்த நாளில் கேட்பாள். பெட்டி சமர்த்தாக இருக்கட்டும் என்று, அந்த ஊர் நம்பிக்கைப்படி, அதன் தலையில் பச்சை நிறச் சோளப்பொரிப் பை வைப்பதும், தேதி முடிவதற்குள் புதுப் பை மாற்றிப் பழையதைத் தின்று தீர்ப்பதும் அவள் பொறுப்பு.

காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை ரொட்டி சுட்டுக்கொண்டே தெருமுனை வரைக்கும் கேட்கும்படி ஆள் கூப்பிட்டவள் அவள். புற்று என்று தெரிந்ததும், அறுவைக்கு முன்னால் குரலைப் பதிந்து வைக்கச் சொன்னார்கள். வெளிச்சத்தம் புகாதபடி துணி அலமாரிக்குள் ரஜாய்களுக்கு நடுவே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தாள். கொடுத்த வாக்கியங்கள் உப்புச் சப்பில்லாமல் இருக்கின்றன என்று, புருஷனை வைவதற்குத் தோதாக நாலு வார்த்தை தானே சேர்த்துக்கொண்டாள். பிறகு அவள் கைப்பேசியில் எழுத எழுத, பதிந்ததை வைத்துச் சர்வர் அதை அவள் குரலில் பேசியது. முதல் முறை கேட்டபோது இரண்டு பேரும் அழுதார்கள். மறுநாளே அவள் அதில் அவரை வைய ஆரம்பித்தாள். வீடு பழையபடி ஆனது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், ஒரு பிரதி எங்களிடமும் இருக்கட்டுமே என்று அப்போதே கேட்டாள்.

"எம் பொண்டாட்டி கொரல் ஊரான் கம்ப்யூட்டர்ல எதுக்கும்மா கெடக்கணும்? மூணு பிரதி வச்சிருக்கேன்," என்றார் தேச்சுவான்.

சொன்னது பொய்யில்லை. பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று போனால் இன்னொன்று. மூன்றாவது பிரதி, அந்நியர் யாரும் திறக்க முடியாதபடி பூட்டி, மலைக்கு அந்தப்புறம் தைத்துங்கில் தம்பி வீட்டில்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது நிலம் ஆடியது. இந்தத் தீவில் அதற்கெல்லாம் யாரும் பேஸ்ட்டைத் துப்பிவிட்டு ஓடுவதில்லை. ஆனால் அன்று ஆடிய ஆட்டத்தில் செருப்பு அலமாரி குப்புற விழுந்தது. பெட்டி தரையில் மோதி, ஓடிக்கொண்டே கிடந்தது. உள்ளே எதையோ சுரண்டுகிற சத்தம். தேச்சுவான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். பச்சைப் பை வெடித்துச் சோளப்பொரி வாசலெல்லாம் இறைந்திருந்தது. பையை எடுத்துத் தேதியைப் பார்த்தார். தேதி முடியவில்லை.

சியூயுன் கைப்பேசியில் எழுதினாள். சர்வர் கிடைக்காததால் கைப்பேசி தன் சொந்தக் குரலில் பேசியது. யாரோ ஒரு செய்தி வாசிக்கும் பெண். "எல்லாம் போச்சா?" என்றது, மழை வருமா என்று கேட்பது போல.

"பயப்படாத. இதுக்குத்தானே தம்பி வீட்டுல ஒண்ணு வச்சேன்," என்றார். அவருக்குள் கொஞ்சம் குஷிகூட இருந்தது. இத்தனை வருடம் எல்லோரும் கேலி செய்த முன்யோசனைக்கு வேளை வந்துவிட்டதே.

தம்பி போனில் சிரித்தான். "இங்க ஒரு கோப்பைகூட ஒடையலண்ணே. ஒன் பெட்டி டிவிக்குப் பின்னாடி தூங்குது. இன்னிக்கே அனுப்பிடுறேன். ஒன்னத் திட்டுறதுக்கு அண்ணிய வார்த்தை சேத்து வைக்கச் சொல்லு."

தம்பி வீட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. சியூயுன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தேச்சுவான் அதை மடிக்கணினியில் இணைத்தார். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. திறக்கக் கடவுச்சொல் கேட்டது. அவர் கை பழக்கத்தில் கடவுச்சொல் பெட்டகத்தின் முகவரியை அடித்தது. பக்கம் வரவில்லை. மறுபடியும் அடித்தார். வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. பெட்டகம் ஓடியதே செத்துப்போன சர்வரில்தான்.

மனுஷ மூளையில் நிற்காததுதான் நல்ல கடவுச்சொல் என்று இணையக் குழுவில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவர் அவர். அதையும் இயந்திரத்தையே விட்டு எழுத வைத்தார், தலையும் வாலும் இல்லாத நீள எழுத்துக் குவியலாக. தாளில் எழுதி வைப்பது அவருக்குக் கேவலம். கைப்பேசியில் வைப்பது ஆபத்து. அதனால் சாவியைப் பெட்டகத்தில் வைத்தார். இந்தப் பித்துப் பிடித்தவர்களைத் தவிர வேறு எவனுக்கும் இப்படிக் கெட்டிக்காரத்தனமாகக் கெட்டுப்போகத் தெரியாது.

"என்ன ஆச்சு?" என்றது செய்திக்காரியின் குரல்.

"சாவி உள்ள மாட்டிக்கிச்சு."

"எதுக்குள்ள?"

அவர் தரையில் கிடந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அதைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு தேவைப்படவில்லை. அவள் நாற்காலியை எடுத்துப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

குழுவில் கேட்டுப் பார்த்தார். "பூட்டு நல்ல பூட்டுண்ணே. திருடன் சத்தியமா தொறக்க முடியாது," என்று ஒருவன் எழுதினான். அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒசாகாவில் இருக்கும் மகள், அம்மாவின் பழைய பேச்சு ஏதாவது கிடைக்குமா என்று தன் கைப்பேசியைத் துழாவினாள். படமும் வீடியோவும் தானாகவே வீட்டுச் சர்வருக்குப் போய்க் கைப்பேசி காலியாகும்படி அப்பாதான் செய்து கொடுத்திருந்தார். தோழியின் கல்யாண வீடியோ ஒன்றில் அம்மா சிரிப்பது இருந்தது. பேச்சு இல்லை.

கடைசியாக டிஸ்குகளைத் தாய்ச்சுங்கில் தரவு மீட்கும் கடைக்கு எடுத்துப் போனார்கள். அங்கிருந்த ஹோ என்பவர் ஒன்றைத் திறந்து விளக்கில் பிடித்தார்.

"அக்கா, நீங்களும் பாருங்க. தட்டு கண்ணாடிதான். மேல ஒரு பூச்சு இருக்கும், அதுலதான் எல்லாமே. விழுந்தப்புறமும் ஓடிருக்கு, ஊசி மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடுச்சு."

தட்டின் வழியாக அவருடைய விரல் தெரிந்தது.

"இன்னொண்ணு?" என்றார் தேச்சுவான்.

"அதுவும் இதே கதிதாண்ணே. வழிச்ச தூள நான் என்னன்னு சேக்குறது?"

ரயிலில் வரும்போது தேச்சுவான், "என்னய மன்னிச்சிடு," என்றார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியைக் கையில் எடுக்கவே இல்லை. பேச முடிந்த காலத்தில் அவள் கோபம் அரைமணி நேரம் தாங்காது. வைது தீர்த்துவிடுவாள். இப்போது எதைக் கொண்டு வைவாள்?

வீட்டுக்கு வந்ததும் அவள், ஆடிய நாளிலிருந்து அப்படியே கிடந்த வாசலைக் கூட்டினாள். அலமாரியை நிமிர்த்தியபோது அதன் பின்னால் உள்ளங்கை அகல ஒலிபெருக்கி ஒன்று கிடந்தது. தூசியைத் தட்டிப் பிளக்கில் செருகினாள். அது என்னவென்று இரண்டு பேருக்குமே நினைவில் இல்லை.

பொழுது சாய்ந்தது. தேச்சுவான் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கிழவா, குப்பை வண்டி வந்துடுச்சு. செருப்பத் தேடிக்கிட்டு நிக்காத, கீழ எறங்கு."

சியூயுனின் குரல். உரக்க, கொஞ்சம் கரகரப்பாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வெளியே குப்பை வண்டி வழக்கமாகப் போடும் பாட்டு கேட்டது. சர்வர் படுத்தாலும் குப்பை வண்டியைத் தவறவிடக் கூடாது, அப்போது இதுவே நேரம் பார்த்துப் பேசட்டும் என்று அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஒலிபெருக்கிக்குள்ளேயே போட்டுவைத்தது அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை பத்திரத்தில் எதைக் குப்பைக்காகச் செய்தாரோ அதுதான் பிழைத்திருந்தது.

ஒரே வாக்கியம். அதை வைத்து ஒரு குரலைக் கட்ட முடியாது, அது அவருக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே இருப்பது மலிவான சில்லு, என்றைக்கு வேண்டுமானாலும் போய்விடும், உடனே ஒரு பிரதி எடுக்க வேண்டும். பையைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கியை நோக்கிக் கையை நீட்டினார்.

சியூயுன் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுகையால் கைப்பேசியில் எழுதினாள்.

"அதத் தொடாத," என்றது செய்திக்காரியின் குரல், மெதுவாக, மரியாதையாக. "நீ எதையும் எனக்காகப் பத்திரப்படுத்த வேண்டாம்."

"இல்ல, அது ஒரு நாள் நின்னுடும். பிரதி ஒண்ணு..."

அவள் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்.