‘நில்’ என்று சொன்னவள்

கமாண்டன்ட்டின் ரோஜாப் பாத்திக்குள் நாங்கள் நடந்து போனது வேண்டுமென்று செய்ததில்லை. யாரும் எங்களை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ராணுவக் கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் மண்டையில் ஏற்றுவது இதைத்தான்: கட்டளை வந்தால் செய், வராவிட்டால் செய்துகொண்டிருப்பதையே செய். அன்று காலை அணியை நடத்த வேண்டிய முறை என் அறைத்தோழிக்கு வந்தது. சார்ஜென்ட் கைத்தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “நடத்துங்க கேடட்” என்று ஒதுங்கி நின்றார். அவள் “நட” என்றது எங்களுக்குக் கேட்டது. அப்போது அவள் எங்கள் மூக்குக்கு நேரே நின்றிருந்தாள். நடந்தோம். மைதானத்து வெள்ளைக்கோடு வந்தது, தாண்டினோம். புல்தரை வந்தது, தாண்டினோம். இடுப்பளவு வேலிச்செடி வந்தது. முன்வரிசையில் வலதுகோடி ஆள் நான்தான். நானே தயங்கினால் பின்னால் வருகிறவர்கள் என் முதுகில் ஏறிவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தேன்.

பாத்திக்கு நடுவில் ஒரு கையில் தண்ணீர்க் குழாயுடன் தோட்டக்காரர் நின்றிருந்தார். அவர்தான் எங்களை நிறுத்தினார். கட்டளையால் இல்லை, குழாயால்.

சொட்டச் சொட்ட நின்ற எங்களிடம் சார்ஜென்ட் நிதானமாக வந்து சேர்ந்தார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். “நீங்க ‘நில்’லுன்னு சொன்னீங்களாம்மா?” என்று என் தோழியைக் கேட்டார்.

“மூணு தடவை சொன்னேன் சார்.”

“யார்கிட்ட சொன்னீங்க?”

அந்த ஞாயிறு முழுக்க நாங்கள் ரோஜாச் செடி நட்டோம். அன்றுதான் அவளுக்கு ‘சைலன்சர்’ என்று பெயர் விழுந்தது. சேர்ந்த முதல் வாரமே எனக்கு ‘டமாரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் சொல்வேன், அடுத்த கட்டிடம் வரைக்கும் கேட்கும். டமாரத்தையும் சைலன்சரையும் ஒரே அறையில் போட்டது யார் என்று தெரியவில்லை. ஆனால் அதைவிடப் பொருத்தமான அறை அந்த விடுதியில் இல்லை. நான் பேசுவேன், அவள் கேட்பாள்.

மற்ற எல்லாவற்றிலும் அவள் கெட்டிக்காரி. ஓட்டத்தில் அவள் முதுகைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டு ஓடுவோம். துப்பாக்கிப் பயிற்சியில் அவள் இலக்கு அட்டையில் ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் குடும்பம் நடத்தும். வரைபடத்தைக் கையில் கொடுத்தால் காட்டுக்குள் கண்ணைக் கட்டி விட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்வாள். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டால் அதில் முகம் பார்த்து நான் தலை வாருவேன். குரல் ஒன்றுதான் வரவே வராது.

ஒரு சாயங்காலம் துணி இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் அதற்குக் காரணம் சொன்னாள்.

“எங்க அம்மா ஆஸ்பத்திரியில நர்ஸ். நான் பிறந்ததுல இருந்தே அவங்களுக்கு நைட் டூட்டிதான். பகல்ல அம்மா தூங்குவாங்க. எங்க வீடு ரெண்டே ரூம். காலிங் பெல் வயரை அப்பா பிடுங்கிப் போட்டுட்டார். குக்கர் விசில் வர்றதுக்குள்ள அடுப்பை அணைச்சிடுவோம். நானும் தம்பியும் சண்டை போட்டா கையாலதான் திட்டிக்குவோம். அப்பா தும்மல் வந்தா தலையணையில முகத்தைப் புதைச்சிப்பார்.”

“நீ அழுவியா?”

“மாடிப்படிக்குப் போய் அழுதுட்டு வருவேன்.”

அடுத்த சட்டையை நானே எடுத்து அவளுக்கு விரித்துக் கொடுத்தேன். எனக்கு அது அபூர்வம்.

“இப்பவும் வாயைத் திறந்தா அந்த ரூம் கதவுதான் கண்ணு முன்னாடி வருது. சத்தம் தொண்டை வரைக்கும் வந்துட்டு, செருப்பைக் கழட்டி வெச்சிட்டு மெதுவா உள்ளயே போயிடுது” என்றாள்.

இந்த நிலைமையில்தான் பருவ முடிவு வந்தது. கடைசி நாள் குடும்பங்களை அழைத்து அணிவகுப்பு காட்டுவார்கள். ஒவ்வொரு அணியிலும் அதிக மதிப்பெண் வாங்கிய கேடட் அந்த அணியை நடத்த வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். எங்கள் அணியில் யார் அதிகம் வாங்கியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சார்ஜென்ட் அறிவிப்பைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் ரோஜாப் பாத்திப் பக்கம் பார்த்தோம்.

“சார், ரெண்டாவதா வந்தவங்க நடத்தட்டுமே” என்றாள் சைலன்சர்.

“நல்லா ஓடினதுக்கும் நல்லா சுட்டதுக்கும் தண்டனை இதுதாம்மா. அனுபவிங்க” என்றார் அவர்.

மறுநாள் முதல் நான் அவளுக்குக் குரு. சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. அதன் ஒரு கோடியில் அவளை நிறுத்தி, மறுகோடியில் நான் நின்றேன். “தொண்டையில இருந்து கத்தாதே, வயித்துல இருந்து கத்து. பசிக்குதுன்னு நினைச்சுக்கோ” என்றேன். அவள் வாயை அகலமாகத் திறந்தாள். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது என்னவோ சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்.

சலவைக்கூடத்து அக்கா ஈரக்கையோடு வெளியே ஓடிவந்தார். “யாருக்கும்மா உடம்பு முடியல?”

“பயிற்சிதான்க்கா” என்றேன்.

“எதுக்கு, பிரசவத்துக்கா?”

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அந்த எறும்பின் அவஸ்தையை யாரும் சொல்வதில்லை. நாள்தோறும் போனோம். கோபப்பட வைத்தால் கத்துவாளோ என்று அவள் தலையணை உறையை ஒளித்து வைத்தேன். அவள் சத்தமில்லாமல் என் போர்வையை ஒளித்து வைத்தாள். அணியில் மற்றவர்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்நீர், தேன், வாளிக்குள் தலையை விட்டுக் கத்துவது. வாளிக்குள் அவள் குரல் கொஞ்சம் எடுபட்டது. ஆனால் வாளியோடு அணிவகுக்க முடியாது.

மெல்ல மெல்லக் குரல் வந்தது. பெரிய குரல் இல்லை, மெல்லிசாக, ஊசி மாதிரி. ஆனால் காலி மனையின் மறுகோடிக்கு வந்து குத்தியது. ஒத்திகையில் எங்களை வெள்ளைக்கோட்டுக்கு முன்பாகவே நிறுத்தினாள். நாங்களும் இதற்குள் அவள் குரலுக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தோம். சார்ஜென்ட் கைத்தடியை ஒரு அக்குளிலிருந்து எடுத்து மறு அக்குளில் இடுக்கிக்கொண்டார். பாராட்டு என்பது அவரிடம் அப்படித்தான் இருக்கும்.

விழா நாளில் பந்தல் நிறைய ஆட்கள். அவள் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவள் அம்மா வார்டிலிருந்து நேரே பஸ் ஏறி வந்திருந்தார். சேலை மாற்றியிருந்தார், காலில் மட்டும் அந்த வெள்ளை டூட்டி ஷூ. பக்கத்தில் அப்பா, அவருக்கு அப்பால் தம்பி.

பேண்டு வாத்தியம் முழங்கியது. அணிகள் நகர்ந்தன. முதல் சுற்று வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. திருப்பினாள், திரும்பினோம். எங்களுக்கே எங்களைப் பிடித்துப்போயிற்று. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பந்தலைக் கடந்து நேராக நடந்து, மைதானத்து ஓரத்தில் நிற்கும் பேண்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

பந்தலைக் கடக்கும்போது அவள் தலையைத் திருப்பி வணக்கம் செலுத்தினாள். அப்போதுதான் பார்த்திருக்கிறாள். அம்மா, அப்பாவின் தோளில் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரவு முழுக்கக் கண்விழித்த உடம்பு, பாவம். மகள் பார்ப்பதைக் கவனித்த அப்பா, இத்தனை வருஷப் பழக்கத்தில், ஒற்றை விரலை உதட்டில் வைத்து ‘உஷ்’ என்று காட்டினார்.

அத்தனை நாள் பட்ட பாடும் அந்த விரலில் போயிற்று.

அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பேண்டு நெருங்கி வருவது மட்டும்தான். கட்டளை வர வேண்டிய இடம் வந்தது, கட்டளை வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. பெரிய டிரம்மை வயிற்றில் கட்டியிருந்த குண்டு மனிதர் நேராக என்னையே பார்த்தார். அடிப்பதை நிறுத்தவும் முடியாமல், விலகவும் முடியாமல், அவர் விழி மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவருக்கும் கட்டளை வரவில்லை. இன்னும் சில அடிதான். டிரம்மின் தோலில் இருந்த சுருக்கம்கூட எனக்குத் தெரிந்தது.

“அணி… நில்.”

அதை எப்படி எழுதிக் காட்டுவது என்று தெரியவில்லை. இருபது வருஷமாக மாடிப்படியில் போய் அழுததும், கையால் போட்ட சண்டைகளும், பாதியில் அணைத்த குக்கர் விசில்களும் மொத்தமாகக் கிளம்பி வந்த மாதிரி இருந்தது. எங்கள் பூட்ஸ் தரையில் ஒரே அடியாக இறங்கியது. எங்களோடு, பின்னால் வந்த அணியும் நின்றது. அதற்குப் பின்னால் வந்ததும் நின்றது. பேண்டு நின்றது. பந்தலில் தட்டு எடுத்துப் போன பரிமாறுகிறவர் ஒற்றைக் காலில் நின்றார். கமாண்டன்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, தனக்கில்லை என்று புரிந்து, மெல்ல உட்கார்ந்தார்.

அத்தனை பேரிலும் அசையாமல் இருந்தது அவள் அம்மா மட்டும்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கம் கலையவில்லை.

அணி கலைந்ததும் சார்ஜென்ட் வந்தார். “உங்க அணியை நிறுத்தச் சொன்னேன். மத்த அணிகளை நிறுத்தச் சொல்லி யாராவது கேட்டாங்களாம்மா?” என்றார். பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். அவர் தோள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பந்தலுக்கு அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் டீக்காகக் கிளம்பியிருந்தது. நாற்காலிகள் இழுபட்டன, குழந்தைகள் ஓடின, மைக்கில் யாரோ ‘ஒன், டூ’ சொன்னார்கள். அம்மா தூங்கிக்கொண்டே இருந்தார். அவள் அப்பாவின் காதோரம் குனிந்து, “எப்பப்பா தூங்கினாங்க?” என்று கிசுகிசுத்தாள்.

அம்மா சட்டென்று கண்ணைத் திறந்தார். “என்ன? என்ன மறைக்கறீங்க?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மா, நான் போட்ட சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?”

“சத்தம் போட்டியா? எப்ப?” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வார்டுல கட்டில் உருளும், ட்ராலி உருளும், நோயாளி கத்துவாங்க. சத்தம் என்னை ஒண்ணும் பண்ணாது. நீங்க மூணு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க பாரு, அதுலதான் எனக்குப் பட்டுனு முழிப்பு வரும்.”

அப்பா தும்மல் வந்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிங்க சொல்றது? எனக்காக இவ்வளவு பொத்திப் பொத்தி நடக்கறீங்களேன்னு எனக்கு ஆசையா இருந்தது. முழிச்சிட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு, நீங்க பூனை மாதிரி நடக்கறதைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். வேற யார் வீட்டுல இப்படிப் பார்த்துப்பாங்க?”

சைலன்சரின் முகத்தில் கோபம்தான் முதலில் வந்தது. நியாயம்தானே. அப்புறம் உதடு நடுங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அது என் சிரிப்பைவிடப் பெரிசாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“நான்தான் கேக்காம விட்டுட்டேன். இன்னொரு தரம் கத்திக் காட்டேன்” என்று அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கேயாம்மா?”

“எனக்காகத்தானே இத்தனை வருஷம் கத்தாம இருந்தே. எனக்காக ஒருதரம் கத்தினா என்ன?”

அவள் மைதானத்துப் பக்கம் திரும்பினாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தூரத்துச் சாலையில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, அக்கம்பக்கம் பார்த்தார். அம்மா கைதட்டினார்.

விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னணியில் ஒரே அமளி. யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைப்பது மாதிரி இருந்தது.

“என்னடி நடக்குது அங்க?” என்றேன்.

“தம்பிக்கும் அப்பாவுக்கும் சண்டை. பாத்திரம் யார் தேய்க்கறதுன்னு. மூணு நாளா நடக்குது. வாய்ல திட்டறது எவ்வளவு சௌகரியம் தெரியுமா, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கு.”

“அம்மா எங்க?”

“தூங்கறாங்க. இரு, தம்பி என்னையும் இழுக்கறான். முடிச்சிட்டு வரேன்.”

போனை வைக்க மறந்து போய்விட்டாள். நானும் வைக்கவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.