மூன்றாவது புகைபோக்கி

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் மிட்டாய்க்காரி பாகில் கை வைப்பாள். கடற்காற்று லேசாகப் பட்டாலும் மிட்டாய் பிசுபிசுத்துப் போகும். அன்று அடுப்படியில் வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுக் கப்பல் வருகிறதே! இறங்குகிற பயணிகளுக்கெல்லாம், நடுவில் அந்தக் கப்பலே தெரிகிற மிட்டாய் வேண்டுமாம். "கேப்டனுக்குப் புடிச்சிருந்தா துறைமுக வாசல் கடை உனக்குத்தாம்மா" என்று துறைமுக அதிகாரியே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷமாகத் தெருத்தெருவாகக் கூடை தூக்கியவளுக்கு வேறென்ன வேண்டும்?

செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, சூடு ஆறாத பாகுக் கீற்றுகளை அடுக்கினாள். நீலத்தில் கடல், கறுப்பில் கப்பல், சிவப்பில் இரண்டு புகைபோக்கி, அவற்றுக்கு மேலே சாம்பல் நிறப் புகை. சுற்றிலும் வெள்ளைப் பாகைப் போர்த்தியதும் தொடை கனத்தில் ஓர் உருளை வந்தது. அதை விரல் பருமனுக்கு இழுத்துவிட்டால் எங்கே நறுக்கினாலும் கப்பல் தெரியும்.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. மாடியில் நின்றிருந்த கொழுந்தன் தடதடவென்று இறங்கி ஓடிவந்தான்.

"அண்ணி, மூணு இருக்கு!"

"என்னடா மூணு?"

"புகைபோக்கி! பேப்பர் படத்துல ஒண்ணு மறைஞ்சிருக்கு அண்ணி!"

 மறுபடி பாகு காய்ச்ச நேரம் ஏது? உருளை இறுகிவிட்டால் அத்தனையும் பாழ். ஆனது ஆகட்டும் என்று கத்தரியை எடுத்து நீளவாக்கில் பிளந்தாள். மிச்சமிருந்த ஒரே சிவப்புக் கீற்றை உள்ளே செருகி, பிளவை வெறுங்கையால் அமுக்கி மூடினாள். சாம்பல் நிறம் சொட்டுக்கூட இல்லை. மூன்றாவதற்குப் புகை கிடையாது, அவ்வளவுதான்.

"பாத்துட்டே நிக்கிறியே, இழுடா!"

இருவரும் இழுத்தார்கள், நறுக்கினார்கள், கூடையோடு ஓடினார்கள்.

கேப்டன் ஒரு துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மூணாவதுல மட்டும் புகை இல்லையேம்மா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கூடையை மூடப் போனாள்.

அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அது சும்மா அழகுக்கு வெச்சதும்மா, அதுல புகையே வராது! கப்பல்ல வேலை பாக்குறவங்களுக்குத்தான் அது தெரியும். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தொழில்னா அதெல்லாம் கவனிக்கணும்ல சார்" என்றாள் கொஞ்சமும் கூசாமல். கொழுந்தனுக்குப் புரையேறியது.

பக்கத்தில் நின்ற அதிகாரி கடைச் சாவியை நீட்டினார். அதை இறுக்கிப் பிடித்தபோதுதான் உள்ளங்கை முழுக்கக் கொப்பளித்திருப்பது அவளுக்கு உறைத்தது. உயிர் போகிற வலி. அவள் பிடியை விடவில்லை.