போன் எடுக்காத இடம்

‘எதற்காக வந்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு வந்ததும், படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. கீழே மூட்டுவலி, தூக்கமின்மை, மன அழுத்தம் என்று கட்டங்கள். மற்றவர்கள் மூன்று நான்கை டிக் அடித்துவிட்டுக் குளியல் அங்கியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நியூ மெக்சிகோ மலையடிவாரத்தில் இருக்கும் இந்த வெந்நீர் ஊற்று விடுதியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். இவ்வளவு நேரம் யோசித்தவரைப் பார்த்ததில்லை.

“இங்க நெசமாவே போன்ல சிக்னல் எடுக்காதா?”

“சுத்தமா எடுக்காதுங்க. அவசரம்னா இந்த லேண்ட்லைன் ஒண்ணுதான்.”

கட்டங்களை விட்டுவிட்டு, ‘போன் எடுக்காது என்பதால்’ என்று ஓரத்தில் எழுதினாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பெயர் வெர்னா ஹால்வர்சன், டெக்சாஸ்காரி, அறுபத்து நான்கு வயது.

மறுநாள் குளத்தருகே துண்டுகளை அடுக்கும்போது, என் சட்டையிலிருந்த பெயர் வில்லையைப் படித்துவிட்டு அவளாகவே பேசினாள். கணவர் டுவைட்டுக்கு ஆறு வருஷமாக மறதி நோய். நான்கு நாளைக்கு ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“ஒரு நாளைக்கு நாப்பது தடவ ‘வெர்னா எங்கே’ன்னு என்கிட்டயே கேப்பாரு, லூப்பே. போன் எடுக்குற ஊருக்குப் போயிருந்தா, முத நாளே திரும்பி ஓடியிருப்பேன்.”

மூன்றாம் நாள் காலை லேண்ட்லைன் அடித்தது. அந்த இல்லத்து நர்ஸ். “அவசரம் ஒண்ணுமில்ல. டுவைட் நல்லா இருக்காருன்னு மட்டும் வெர்னாகிட்ட சொல்லிடுங்க. அவங்கள ஒரு தடவகூடக் கேக்கல, கவலப்பட வேணாம்.”

குளத்துக்குப் போனேன். என்னைக் கண்டதுமே வெர்னா எழுந்து நின்றுவிட்டாள்.

“விழுந்துட்டாரா?”

“இல்லீங்க. நல்லா சாப்பிடுறாராம், தூங்குறாராம்.”

“என்னக் கேட்டாரா?”

‘இந்தத் தண்ணி எல்லாத்தையும் சரிபண்ணிடும்’ என்று தினமும் பத்துப் பேரிடம் கூசாமல் சொல்கிறவள் நான். அந்த முகத்துக்கு முன்னால் பொய் வரவில்லை.

“கேக்கலயாம்.”

மெல்லப் படியில் உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஆறு வருஷமாக இறக்கிவைக்க நினைத்ததை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருந்தது அவள் உட்கார்ந்திருந்த விதம்.

கடைசியில், “என் ரூம் இன்னும் ரெண்டு நாளைக்குக் கெடைக்குமா?” என்றாள்.

பார்த்துவிட்டு வந்தேன். அந்த அறையை அடுத்து யாரும் பதிவு செய்திருக்கவில்லை. சொல்ல வாயெடுத்தேன். அவள் காதுவரை நீருக்குள் அமிழ்ந்து, கண்மூடி மிதந்துகொண்டிருந்தாள். பனி தூற ஆரம்பித்திருந்தது. நெற்றியில் விழுந்த ஒவ்வொரு துகளும் தொட்டவுடன் கரைந்தது.

துண்டைப் பிடித்தபடி கரையில் நின்றேன்.