நோகாத பல்

மனித நாகரிகம் முழுவதும் மேல்வாய்ப் பல்வரிசையில் தங்கியிருக்கிறது என்பது மலாயாப் பென்சன்காரர் அப்புத்துரையின் முடிந்த முடிவு. அந்த நாகரிகம் அவரோடு கப்பலேறி வன்னியில் அக்கராயன் கிராமத்துக்கு வந்தபோது, ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள் கிடந்தது.

மகள் பத்மாசனியின் முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. அவற்றுக்கு இடம் விரிக்க, கோலாலம்பூர்ச் சீன டொக்டர் செய்து கொடுத்த, மேல்வாயில் மாட்டும் தட்டு அது. நடுவில் ஒரு சிறு திருகாணி. கிழமைக்கொரு தரம் அதன் துளையில் ஊசிபோன்ற திறப்புச் சாவியை விட்டு, அம்புக்குறி காட்டும் பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். போகும் நாட்டில் ஒரு பல் டொக்டரிடம் தொடர்ந்து காட்டச் சொல்லித்தான் அவர் அனுப்பினார்.

"வவுனியா ஆஸ்பத்திரியிலை பல்லுப் பிடுங்கத்தான் தெரியும்," என்று அப்புத்துரை அந்தப் பொறுப்பையும் தாமே ஏற்றார்.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்த கையோடு பிள்ளையைக் கதிரையில் இருத்துவார். அயல் கூடிவிடும். அம்புக்குறியைப் பார்க்க மூக்குக்கண்ணாடி வேண்டும். சபையில் அதைப் போடுவது கௌரவக் குறைவு. தடவித் தடவித் திருப்புவார்.

"அண்ணை, றேடியோ திருப்பிற மாதிரியெல்லோ கிடக்கு. கொழும்பு எடுக்குமோ?" என்பார் பக்கத்துக் காணி ஏரம்பு.

"பகிடி விடாதை. பிள்ளை, நோகுதோ?"

"இல்லையப்பா."

"பாத்தியே! அதுதான் கைராசி."

மனைவி அன்னபாக்கியம் மட்டும் மெச்சவில்லை. "கோலாலம்பூரிலை திருப்பினால் ரெண்டு நாள் கஞ்சிதான் குடிப்பாள். இப்ப முறுக்குக் கடிக்கிறாள். பாருங்கோ, பல்லுப் பழையபடி ஏறுது."

உண்மையாகவே ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளை மறுபடி வாயைப் பொத்திச் சிரிக்கத் தொடங்கினாள். அதைக் கண்ட அன்று அப்புத்துரைக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் மூவரும் வவுனியாவுக்கு பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஸுஹைர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆர் திருப்பிறது?"

"நான்தான்," என்று அப்புத்துரை நிமிர்ந்தார்.

"ஒருக்காத் திருப்பிக் காட்டுங்கோ."

காட்டினார்.

"பிள்ளை, அம்மாவோடை போய் வெளியிலை குழாயிலை வாய் கொப்பளிச்சுக்கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர். அவர்கள் போனதும் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அம்பு மற்றப் பக்கமெல்லோ காட்டுது. நீங்கள் விரிக்கேல்லை, சுருக்கியிருக்கிறியள்."

மலாயாவில் கந்தோர்ச் சிப்பந்திகளையெல்லாம் அதட்டிய அப்புத்துரை, மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டு அம்பைப் பார்த்தார்.

"ஒண்டும் கெட்டுப்போகேல்லை. நானும் இந்த வேலையைப் படிக்கேக்கைதான் பாத்தது. புத்தகத்தைப் பாத்தெண்டாலும் முடிச்சுத் தாறன். மாதா மாதம் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தாயும் மகளும் திரும்பி வந்தபோது, "ஊர் மாறினதிலை தட்டுக் கொஞ்சம் இளகிப்போச்சு, அவ்வளவுதான்," என்றார் டொக்டர்.

அப்புத்துரைக்குக் கண் கலங்கியது. வழி நெடுக ஆயத்தம் செய்து வந்த இங்கிலீசுப் பேச்சை விட்டுவிட்டு, டொக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அன்னபாக்கியம் திறப்பைக் கேட்டு வாங்கித் தாமே திருப்பினார்.

"ஐயோ, நோகுதம்மா!" என்று கத்தினாள் பத்மாசனி.

வீடே மகிழ்ந்து கஞ்சி வைத்தது. அறுவடை முடிய டொக்டருக்கு ஒரு மூட்டை புது அரிசி கொண்டுபோவதென்று அப்புத்துரை நேர்ந்துகொண்டார். மனைவி முன்னால் தம் மானத்தைக் காத்த மனிதருக்கு அதுகூடப் போதாது என்று அவருக்குப் பட்டது.

ஆஸ்பத்திரிக் குழாய் டொக்டரின் யன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அன்னபாக்கியம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.