புலிக்கூடத்துக்கு அப்பால் ஒரு சாமி

மதனவதிக்குச் சாமி கும்பிட வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் கொல்லையில் கிணறு தோண்டும்போது கிடைத்த கல் தீர்த்தங்கரரை அதிகாரிகள் வண்டியேற்றிச் சென்னை மியூசியத்துக்குக் கொண்டுபோன சமயம், அவள் மகளின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊரே விழுந்து கும்பிட்டது, நிலத்துக்காரி மட்டும் கண்ணால் பார்க்கவில்லை. அந்த ஆற்றாமையில் புருஷன் சந்திரப்பிரபுவை நச்சரித்து, விடியலில் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காஞ்சிபுரத்தில் பஸ் பிடித்து வந்தாயிற்று.

வந்த இடத்தில்தான் வில்லங்கம். சிலை அறைக்குப் போக விலங்குக் கூடத்தைக் கடந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது என்றுவிட்டார் காவலாளி. எறும்பைப் பார்த்துக் காலெடுத்து வைக்கிற ஜைனக் குடும்பம் இது. உள்ளேயோ பஞ்சடைத்த புலி, கண்ணாடிக் கண்ணோடு மான், தலைக்கு மேலே திமிங்கில எலும்பு. அதன் கீழே பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதனவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

சிலை அறையில், எதிரே அவர்கள் கொல்லைச் சாமி. பலகையில் ஊர்ப்பெயர்கூட இருந்தது. ஆனால் கும்பிடக் கை எழவில்லை. அத்தனை பிணத்தைத் தாண்டி வந்திருக்கிறாளே, தீட்டில்லையா? எப்பவோ செத்ததுதானே என்றார் சந்திரப்பிரபு. எரிக்காமல் வைத்திருக்கிற பிணத்துக்குத் தீட்டு எப்போது கழியும் என்று அவள் திருப்பிக் கேட்க, அவருக்கும் குழம்பிவிட்டது. ஊர்க்கோயிலில் பூஜை செய்யும் வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். அவர் புலியா, புலியா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, விசாரித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்.

சரி, குளித்துவிட்டால் போச்சு. வெளியே போய், தோட்டத்துக் குழாயில் புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். கூடத்து வாசலில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது. மறுபடியும் அதே புலியைத் தாண்டித்தானே போகணும்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சந்திரப்பிரபு தலையைச் சொறிந்தார்.

மதனவதி ஈரம் சொட்டச் சொட்ட, கூடத்துக்கு அப்பால் சாமி இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

"நம்மளாவது வூட்டுக்குப் போயி குளிச்சிக்கலாம்ங்க. அவரு ராத்திரி பகலா இதுங்களோடவே உக்காந்துக்கினு இருக்காரே, அவருக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?"

இந்தத் தடவை அவள் முகத்தை மூடாமல், புலியைப் பார்த்தபடியே உள்ளே நடந்தாள்.