பெரில் வீட்டுக் கணப்பு

குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் ஸ்டான்லி தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். அவர் இறந்து இரண்டாவது வருஷம் அது. தேநீர் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் மாடிக்கு ஏறிக் கட்டிலில் சாய்வேன். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி ஏறிக்கொண்டிருக்கும். கீழே கால்வாய் தெரியாது, எதிர்ச்சரிவில் ஆலையும் தெரியாது. சுவர்த்தாளில் இருக்கிற ரோஜாக்கள் மெல்ல மங்கி ஓரங்கள் கலங்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும், ஆள் வந்தாயிற்று என்று. முதலில் அவருடைய பைப் புகையின் வாசனை வரும். அப்புறம் கட்டிலின் கால்மாட்டில் மெத்தை லேசாக அமிழும்.

அவராக எதுவும் பேசமாட்டார், நான்தான் பேசுவேன். இறைச்சிக்கடைக்காரன் கொழுப்புத் துண்டாகப் பார்த்து என் தலையில் கட்டியது, பக்கத்து வீட்டு பெரிலின் புதுத் திரைச்சீலை கண்ணைக் குத்துவது, என் முழங்கால் என்று எல்லாம் சொல்வேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா எட்னா" என்பார். கூட வாழ்ந்த காலமெல்லாம் நான் சொன்ன எதற்கும் ஆமாம் போடாத மனுஷன். செத்த பிறகாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். எழுந்திருக்கும்போது தலை வெடித்துவிடும் போலிருக்கும், வயிற்றைப் புரட்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வந்துபோனால் நமக்கும் கொஞ்சம் அலுப்பு இருக்கத்தானே செய்யும்.

கோடையில் வரமாட்டார். அதற்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோதே வெயில் அடித்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போய்விடுகிறவர், செத்தா திருந்தப்போகிறார்?

இதை பெரிலிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் முதுகோடு முதுகும் தோளோடு தோளுமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. என் படுக்கையறைக்கும் அவளுடைய வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். இரண்டு வீட்டுப் புகைபோக்கிகளும் அதற்குள்ளேயே அக்கம்பக்கமாக ஏறிக் கூரைக்குப் போகின்றன. பெரில் கேட்டுவிட்டு, டாக்டரைப் போய்ப் பார் என்றாள். அவளுக்கு என்ன, புருஷன் ரான் உயிரோடு குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அதற்குமேல் நான் அவளிடம் வாய் திறக்கவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் பெரிலுக்குக் காஸ் கணப்பு ஆசை வந்தது. ரானின் முதுகு இனி நிலவறையிலிருந்து கரி வாளியைத் தூக்காது என்றாள். படத்தையும் கொண்டுவந்து காட்டினாள். சுட்ட மண்ணில் செய்த விறகு, அதன்மேல் நீலமும் மஞ்சளுமாகச் சுடர். எரியவே எரியாத விறகை எதற்கு அடுக்குகிறாய் என்று கேட்டேன். சாம்பல் அள்ள வேண்டாம் பார் என்றாள். அது நியாயம்தான்.

முதலில் ஒரு ஆள் வந்து அவள் வீட்டுப் புகைபோக்கியைத் துடைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் காஸ்காரர் நெவில் வந்தார், பெரிய காதுகளும் அதைவிடப் பெரிய பூட்ஸுமாக. குழாயை மாட்டுவதற்கு முன்னால் கணப்பில் ஒரு புகை வில்லையைக் கொளுத்திப் பார்ப்பார்கள், புகை கூரைமேல் அந்த வீட்டுப் புகைபோக்கி வழியாக மட்டும் வெளியே போகிறதா என்று. அக்கம்பக்கத்தில் முன்னாடியே சொல்லிவைக்கும்படி அவர் பெரிலிடம் கேட்டிருக்கிறார். பெரில் வழக்கம்போல மறந்துவிட்டாள்.

நான் மாடியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். மதிய வெயில், அபூர்வமாக மூடுபனி இல்லாத நாள். அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் என் அறையின் கணப்பு இருந்த இடத்தில், ரோஜாக்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. மெதுவாக வந்தது. சுவரோரமாக ஏறி, விட்டத்தைத் தொட்டுப் பரவி, வெயிலில் பால்நிறமாக நின்றது. எனக்குப் பயமே இல்லை. இத்தனை நாள் இருட்டில் வந்தவர் இன்றைக்குப் பகலிலேயே முகம் காட்டப்போகிறார் என்றுதான் தோன்றியது. மனம் நிறைந்துவிட்டது.

"கொஞ்சம் இரு," என்றேன். "தலைய வாரிக்கிறேன்."

சீப்பு கையில் இருக்கும்போது கீழே கதவைத் தட்டும் சத்தம். இறங்கிப்போய்த் திறந்தால் நெவில். கூரையில் புகை சரியாக வரவில்லை, உங்கள் அறைகளை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்க ஒன்றும் இல்லை என்று கதவைச் சாத்தப் போனேன். பூட்ஸை நடுவில் வைத்துவிட்டார். அந்த பூட்ஸோடு யார் சண்டை போடுவது.

மேலே வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தார். வெள்ளை எல்லாம் நெளிந்து வெளியே போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சுவர்த்தாளில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இந்த ரூமுல சாயங்காலம் படுத்தா தலை வலிக்குமா கண்ணு?"

"வயசானா எல்லாருக்கும்தான் வலிக்கும்."

"வெளிய கடைகண்ணிக்குப் போனா விட்டுடுமா?"

விட்டுவிடும். நான் மடித்த விரிப்பையே திரும்ப மடித்தேன்.

"யாரோ பக்கத்துல இருக்கற மாதிரி இருக்குமா? சில பேருக்கு அப்படித் தோணும்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார், சரியாகக் கால்மாட்டில், ஸ்டான்லியின் இடத்தில். மெத்தை நன்றாகவே அமிழ்ந்தது. பெரில் வீட்டுக் கரி எரிந்த புகையில் பாதி இத்தனை நாளும் உங்கள் அறைக்குத்தான் வந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அதிலிருக்கிற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஆளை மயக்கும், இல்லாததைக் காட்டும்.

"கரியாச்சும் வாசனை காட்டிக் குடுக்கும். இந்தக் காஸுப் புகை அதுவும் காட்டாது. சரியா போக வழி இல்லாம இன்னிக்கு நான் அங்க பத்த வெச்சுட்டுப் போயிருந்தா, காலையில நீங்க எந்திரிச்சிருக்கவே மாட்டீங்க."

உண்மையைச் சொன்னால் அது எனக்கு அவ்வளவு கெட்ட சேதியாகப் படவில்லை. எழுந்திருக்காமல் போவது அல்ல, சாயங்காலங்கள் போய்விடுமே என்பதுதான் என் கவலை. இந்தச் சுவரை இப்படியே விட்டுவிட முடியாதா, பெரில் இன்னும் கொஞ்ச நாள் கரியே எரிக்கட்டுமே என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

நெவில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வர்றது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"வரட்டும் கண்ணு. புகை இல்லாம வரட்டும்."

அப்புறம் அவர் என்னைக் கேட்கவில்லை. தாளைக் கீறி, அதற்குப் பின்னாலிருந்த பலகையை நெம்பி எடுத்தார். கரிக்கணப்பு நாகரிகம் இல்லை என்று தெருவே படுக்கையறைக் கணப்புகளைப் பலகை அடித்து மறைத்த காலத்தில் ஸ்டான்லி அடித்த பலகை அது. அவர் அதை அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என்னைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு ஒற்றை ஆளாக முடித்தார். இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று தோளைத் தட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

பலகை சாயாமல் இருக்க உள்ளே செங்கற்களை முட்டுக்கொடுத்திருந்தார். நல்ல செங்கல். நெவில் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் காட்டினார். எங்கள் புகைபோக்கிக்கும் பெரிலுடையதற்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தடுப்பில் ஒரு கைப்பிள்ளை நுழையும் அளவுக்கு ஓட்டை. முட்டுக்கொடுத்த செங்கற்கள் அங்கிருந்துதான் உருவப்பட்டிருந்தன. அந்த நாளில் பின்கட்டில் குவியலாகச் செங்கல் கிடந்தது. அதை மாடிக்குத் தூக்கிவரச் சோம்பல்பட்டு, கைக்கெட்டிய சுவரிலேயே உருவியிருக்கிறார். ஓட்டையில் தன்னுடைய கிழிந்த உள்சட்டையைத் திணித்திருந்தார். அது எப்போதோ கருகி உதிர்ந்து ஓரம் மட்டும் தொங்கியது.

நெவில் என் முகத்தைப் பார்க்காமல், இந்தத் தெருவில் இப்படி நிறையப் பேர் செய்திருக்கிறார்கள் என்றார். மரியாதைக்குச் சொன்ன பொய் என்று தெரிந்தது.

தடுப்பைக் கட்டிப் பூசி, அது காய்ந்த பிறகு பெரிலின் புகைபோக்கிக்குள் உச்சியிலிருந்து அடிவரை எஃகுக் குழாய் இறக்கினார்கள். நெவில் மறுபடி புகை விட்டு, மறுபடி என் அறைக்கு வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். ஒரு இழைகூட வரவில்லை. அதன் பிறகுதான் அங்கே சுடரை ஏற்றினார்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போனேன். மூடுபனி ஏறியது. ரோஜாக்கள் கடைசிவரை ரோஜாக்களாகவே இருந்தன. தலை கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது, அது பெரிய கொடுமை. கால்மாட்டில் மெத்தை அசையவில்லை.

"ஏன்யா ஸ்டான்லி," என்றேன், "நாலு செங்கல் தூக்கிட்டு வர உனக்குக் கை வலிக்குதா? அடுத்த வீட்டுச் சுவரப் பேத்து எடுத்துட்டு, என்னமோ கோட்டை கட்டின மாதிரி வந்து உக்காந்து சாப்பிட்டியே. கொன்னிருப்பய்யா நீ என்னை."

நிறுத்த முடியவில்லை. தூண்டில், ஒழுகுகிற கூரை, என் அம்மா சாவுக்கு லேட்டாக வந்தது என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினேன். தினமும் வந்து ஆமாம் போட்டவன் யாரோ, எனக்குத் தெரியாது. அந்தச் செங்கல்லை உருவியவனோடுதான் நான் வாழ்ந்தேன். இவ்வளவு திட்டினால் அவன் சும்மா இருக்கமாட்டான், வாய்க்கு வாய் பேசுவான், கதவை அறைந்துவிட்டுப் போவான்.

நான் நிறுத்திவிட்டு அவன் பதிலுக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் அவன் செத்துப்போனது எனக்கு உறைத்தது.