அம்மா சீரியஸ், உடனே புறப்படு

மட்டாஞ்சேரியில் அமீருதீன் முதலாளியின் மிளகுக் கடையில் டைப் அடிக்கும் வெங்கிட்டுவுக்கு லீவு வேண்டுமென்றால் ஒரே வழிதான். பாலக்காட்டிலிருக்கும் அக்கா விசாலாக்ஷிக்கு ஒரு கார்டு போடுவான். கடைக்குத் தந்தி வந்துவிடும்: 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு.' மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலேறிப் போனால், அங்கே அம்மா அடை வார்த்துக்கொண்டிருப்பாள். "இந்த வருஷம் என்னை எத்தனை தரம்டா சாகடிப்பே?" என்று சிரிப்பாள். முதலாளியும் லேசுப்பட்டவரா? எல்லாம் தெரியும். ஆனாலும் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எழுபத்தெட்டில் கடைக்கு டெலக்ஸ் மெஷின் வந்தது. இங்கே தட்டினால் அந்த நிமிஷமே பம்பாயில் அச்சாகும். அதில் உட்காரப்போவது யார் என்று கடை முழுக்கப் பேச்சு. வெங்கிட்டுவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அந்த வாரம் பார்த்து, அவன் கேட்காமலே தந்தி வந்தது: 'அம்மா நிஜமாகவே சீரியஸ்.' கல்பாத்தித் தேருக்கு வரவழைக்க அக்கா தானாகவே அடித்துவிட்டாள், நிஜமாகவே என்று வேறு சேர்த்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துச் சிரித்தான், மடையன்!

"என்ன சாமி, கெளம்பலையா?" என்றார் முதலாளி.

"இது சும்மாவாக்கும் முதலாளி. தேருக்குக் கூப்பிடறா. நான் போகல்லே."

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னிக்குத்தான் நீ உள்ளதைச் சொல்றே" என்று மெஷினுக்கு முன்னாலிருந்த நாற்காலியைக் காட்டினார். வெங்கிட்டு பூரித்துப்போனான். சாயங்காலம் வரை தட்டினான். பம்பாயிலிருந்து பதில் வந்து விழும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

மறுநாள் அடுத்த தந்தி வந்தது. அதில் இருந்த வார்த்தையை வைத்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியப்பா பிள்ளை கொள்ளி போட்டுவிட்டான். விசாலாக்ஷி அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா, அக்கா?"

"சொன்னா. 'தந்தி அடிக்காதேடீ, அவன் நம்பமாட்டான், யாராவது ஆளை அனுப்பு'ன்னா. நான்தான் கேக்கல்லே. நிஜமாவேன்னு எழுதினா வராம இருப்பானான்னு சொன்னேன், கேட்டியா? அம்மாவுக்கு உன்னைத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியல்லேடா."